தெல்தெனியவும் உள்நாட்டுக் குடிபெயர்வும்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதி தும்பறைப் பள்ளத்தாக்கின் வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றது. வடபால் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் சூடி நிற்கத் தென்பால் மகாவலி கங்கை வளைந்து வளைந்து ஓடுகின்றது. அக்கங்கையின் அயலிலே தெல்தெனிய என்னும் சிறு பட்டினம் ஒன்று நெடுங்காலம் விளங்கியது. கடைவீதியும் நீதிமன்றமும் பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் சந்தையாயும் அரசாங்க நிலையமாயும் அது பயன்பட்டது. நெல்வயலும் கொக்கோத் தோட்டமும் புகையிலைக் கொல்லையும் அதனைச் சூழ்ந்திருந்தன. யாழ்ப்பாணத்தார்க்குப் பழக்கமான புகையிலையன்று அது. 

இன்று அப்பட்டினம் இருந்த இடத்திலே நீர் நிற்கின்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டம் தாழும்போது பழைய வீதியின் கோடும் கட்டடங்களின் அடிச்சுவர்களும் சேற்றினூடே வெளிப்படும். அங்கே பிறந்து வளர்ந்த முதியோர் வந்து, இன்ன இடத்தில் இன்னாருடைய கடை இருந்தது என்று தம் பேரப்பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவர். தமிழகத்திலும் இத்தகைய காட்சி உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் காவிரியில் ஆழ்ந்த பண்ணவாடி ஊரின் நந்தியும் கோபுரமும், நீர் குறையும் காலத்தில் தலை காட்டுகின்றன. பவானிசாகர் அணையினுள் டணாய்க்கன் கோட்டையும் அவ்வாறே. ஊர் மூழ்கியது கண்ணுக்குத் தெரிகின்றது. அவ்வூர் மக்கள் எங்கே சென்றனர், அவர் சென்ற இடத்திலே முன்னிருந்தோர் என்னாயினர் என்பனவோ கண்ணுக்கு எளிதிற் புலப்படுவனவல்ல. அவற்றை ஆராய்வது குடித்தொகைக் கல்வியின்பாற் பட்டது.

ஒரு நாட்டின் குடித்தொகையைப் பிறப்பும் இறப்பும் வெளிநாட்டுப் போக்குவரத்துமே கூட்டியுங் குறைத்தும் மாற்றுவன. ஆனால் ஒரு மாவட்டத்தின் குடித்தொகையை எடுத்துக்கொண்டால் நான்காவது காரணம் ஒன்று அவற்றொடு சேர்கின்றது. அதுவே உள்நாட்டுக் குடிபெயர்வு. நாட்டின் மொத்தத்தை அது ஓர் ஆளாலேனும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தானியத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தள்ளுவது போன்றது அது. எனினும் பள்ளிக்கூடம் எங்கே வேண்டும், வைத்தியசாலை எங்கே வேண்டும், பாராளுமன்றத்துக்கு எத்தனை உறுப்பினர் எம்மாவட்டத்திலிருந்து செல்லவேண்டும் என்பனவெல்லாம் அத்தானியம் எம்மூலையிற் குவிந்துள்ளது என்பதைக் கொண்டே முடிவாகின்றன. இலங்கையில் நிலத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் எழுந்த பிணக்குகள் பலவற்றுக்கு உள்நாட்டுக் குடிபெயர்வே அடியில் நிற்கின்றது.

இவ்வியலை முதன்முதல் ஒழுங்குபட ஆராய்ந்தவர் ராவென்ஸ்டீன் என்பார். பிரித்தானியக் குடிமதிப்புக் கணக்குகளிலே பிறந்த இடத்தையும் வாழும் இடத்தையும் ஒப்பிட்டு, 1885இலும் 1889இலும் இலண்டன் நகரப் புள்ளிவிபரக் கழகத்திலே தம் முடிபுகளை வெளியிட்டார். பெரும்பாலோர் குறுந்தூரமே பெயர்வர். நகர் வளருங்கால் அயலூரார் அதனுட் புகுவர், அவர் விட்ட இடத்தை அப்பாலூரார் வந்து நிரப்புவர். ஒவ்வொரு பெரும் பெயர்ச்சிக்கும் எதிர்ப்பெயர்ச்சி ஒன்று உண்டு. பொருள் தேடுதலே பெயர்ச்சிக்குத் தலையாய காரணம் என்பன அவர் கண்டவற்றுட் சில. பொருள்வயிற் பிரிவைப் பாலைத் திணையுள் வைத்துப் போற்றிய தமிழர்க்கு இவற்றுட் கடைசியானது புதுமையன்று. ஆயினும் ராவென்ஸ்டீன் கண்ட மக்கள் பெரும்பாலும் தம் விருப்பால் நடந்தவர். அரசே ஊரைப் பெயர்த்து வைக்கும் காலம் அவர்க்குப் பின் வந்தது. தெல்தெனியவின் வரலாறு அந்தப் பிற்காலத்துக்கு உரியது.

ஈரவலயத்து மக்கள் உலர்வலயம் நோக்கிப் பெயர்ந்தமையே இருபதாம் நூற்றாண்டில் இலங்கைக் குடித்தொகையின் பெருமாற்றம் எனலாம். நாட்டின் நிலப்பரப்பிற் பெரும்பகுதி உலர்வலயமாயிருந்தும், பழைய குளங்கள் உடைந்து மலேரியாக் காய்ச்சல் மிகுந்தமையால் அங்கே குடிகள் அருகியே இருந்தனர். தென்மேற்குச் சமநிலத்திலும் கண்டிய மலைநாட்டிலும் மக்கள் நெருங்கினர். கண்டிப் பகுதியிலே நெருக்கத்துக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சரிவு நிலங்களைக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் கொண்டமையால், கிராமத்தார் பெருகியபோது விரிந்து செல்லுதற்கு இடமில்லாதிருந்தது. 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை இந்நிலையை விரித்துரைக்கின்றது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் அரசகாணியைக் குடியானவர்க்குப் பகிர்ந்தளிக்க வழிவகுத்தது. மின்னேரியாவிலே தொடங்கிய குடியேற்றம், 1946இன் பின் டி.டி.ரி. மருந்து நுளம்பை அடக்கியமையால் விரைவு பெற்றது. அம்மருந்தொடு பிற சுகாதார முயற்சிகளும் சேர, ஆயிரம் பேருக்கு இருபதாயிருந்த இறப்புவீதம் 1947இல் பதினான்காகக் குறைந்தது. 1946இல் 66 இலட்சத்து 57 ஆயிரமாயிருந்த நாட்டின் குடித்தொகை 1953இல் 80 இலட்சத்து 98 ஆயிரமாயிற்று. பெருகிய மக்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. காய்ச்சல் நீங்கிய நிலம் காத்திருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு கண்டி, கேகாலைப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் கிழக்கு மாகாணத்துட் புகுந்தன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டம் எனத் தனியே பிரிக்கப்பட்டது. வயலுக்காக வந்த குடியானவன் அரசியல் அறியாதவன். எனினும் அவன் வரவால் வாக்காளர் இடாப்பின் நிறம் மாறியது என்பதை அயலிலிருந்த தமிழரும் முஸ்லிம்களும் உடனே உணர்ந்தனர்.

இத்திட்டங்கள் எல்லாவற்றிலும் பெரியது மகாவலித் திட்டம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கும் நாட்டின் நீண்ட நதி. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தாரின் துணையோடு 1968இல் வரையப்பட்ட முதன்மைத் திட்டம் முப்பது ஆண்டுகளில் ஒன்பது இலட்சம் ஏக்கருக்கு நீர் பாய்ச்சக் கருதியது. 1977இல் ஆட்சிக்கு வந்த அரசு அதனை ஆறு ஆண்டுகளுக்குள் அடக்கி ‘துரித மகாவலித் திட்டம்’ என்று பெயரிட்டது. கொத்மலையைச் சுவீடனும் ரந்தெனிகலையை ஜெர்மனியும் மாதுறு ஓயாவைக் கனடாவும் விக்டோரியாவைப் பிரித்தானியாவும் தாங்கின. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை இந்நாட்டு அணைகளுள் உயர்ந்தது. அது தேக்கும் நீர் 722 மில்லியன் கனமீற்றர். பிறப்பிக்கும் மின்வலு 210 மெகாவாற்று. 1985 ஏப்ரல் 12ஆம் நாள் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் முன்னிலையில் அது திறந்துவைக்கப்பட்டது. அணையின் பெயரை நோக்குவோர் அது அவர் நாட்டு உதவிக்கு நன்றியாக இடப்பட்டதெனக் கருதக்கூடும். அவ்வாறன்று, அவ்விடத்து ஆற்று வீழ்ச்சிக்குப் பழைய ஆங்கிலேயர் தம் அரசியாரின் பெயரை முன்னரே இட்டிருந்தனர்.

அணை திறக்குமுன் பள்ளத்தாக்கிலிருந்த பல்லாயிரம் மக்களைப் பெயர்க்க வேண்டியிருந்தது. அவர்கட்கு இரு வழிகள் காட்டப்பட்டன. மகியங்கனைக்கு அப்பால், கிராந்துருக்கோட்டையை நடுவாகக் கொண்ட மகாவலி ‘சி’ வலயத்துக்குச் சென்றால் இரண்டரை ஏக்கர் நீர்ப்பாசன வயலும் அரை ஏக்கர் குடியிருப்பு நிலமும் கிடைக்கும். அயலிலே தங்கினால் மேட்டுநிலத்திற் சிறு துண்டே கிடைக்கும். பட்டினத்துக்கு ஈடாகக் கரல்லியத்தையிலே புதிய தெல்தெனியவும், கண்டிக்கு அணித்தாகத் திகனப் புதுநகரும் எழுந்தன.

வயல் பெரிதா, ஊர் அண்மை பெரிதா என்னும் இக்கேள்விக்கு அக்காலத்து அறிவுடையோர் பலர் வயலே பெரிது என்று விடை கூறியிருப்பர். கண்டியக் கிராமத்திலே நிலமென்பது பெரும்பாலும் பங்குப் பங்காய்ப் பிரிந்து கிடந்தது. ‘தட்டுமாறு’ என்னும் வழக்கப்படி ஒரே வயலைப் பங்காளர் ஆண்டுமாறி ஆண்டு பயிரிடுவர். ஒருவனுக்கு அவ்வயல் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாய்க்கலாம், ஏழாண்டுக்கு ஒருமுறையும் வாய்க்கலாம். தன் பெயருக்கே இரண்டரை ஏக்கர் என்பது அத்தகையோனுக்குக் கனவு. இழந்த வயலை மதிப்பிடுவதும் அதனாலேயே எளிதன்று. உறுதி உடையவனுக்கு இழப்பீடு உண்டு. அவன் வயலைப் பாதி விளைச்சலுக்குச் செய்துவந்த வாரக்குடிக்கும், கடைவீதியிலே வாடகைக்கு இருந்து தையலும் தேநீர்க் கடையும் நடாத்தியவனுக்கும் உறுதி ஏது? தாளிலே எழுதப்பட்ட உரிமையை எண்ணுவது எளிது. வாடிக்கையாளர், அயலார் கடன், பள்ளிக்கு நடக்கும் தூரம் என்பவற்றை எண்ணுதற்கு ஒரு தாளும் இல்லை.

‘சி’ வலயத்துக்குச் சென்றவர் முதலிற் கண்டது வெப்பமும் காய்ச்சலுமே. மலைநாட்டுக் குளிரிற் பிறந்த உடல் மலேரியாவை அறியாதது. ஆதலின் காடு வெட்டிய முதலாண்டுகளிற் பலர் வருந்தினர். மலைச்சரிவிலே படிப்படியாய் அமைந்த வயலில் ஊற்றுநீரைக் கொண்டு வேளாண்மை செய்தவர், வாய்க்காலில் அதிகாரி விடும் நீரை நாட்கணக்குப் பார்த்துப் பெறவேண்டியதாயிற்று. வீட்டைச் சுற்றிப் பலாவும் மிளகும் கோப்பியும் கராம்பும் நின்ற தோட்டம் முன்பு உணவும் தந்தது, கைச்செலவுக்குப் பணமும் தந்தது. அது வளர ஒரு தலைமுறை செல்லும். புதுநிலத்திலே எல்லாம் நெல்லையே நம்பியிருந்தன. நெல் விளைந்தது என்பதும் உண்மை. அத்திட்டத்தால் நாட்டின் அரிசி உற்பத்தி உயர்ந்ததை மறுத்தல் ஆகாது.

பின்னர் வந்த இடர் சட்டத்திலேயே பொதிந்திருந்தது. குடியேற்றக் காணி துண்டாடப்படலாகாது என்பது 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொள்கை. துண்டாடிய பங்குநிலத்தின் கேட்டைக் கண்டவர் அதனை வகுத்தமையால் அக்கொள்கைக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒருவரையே உரித்தாளராகப் பெயர் குறிக்க வேண்டியிருந்தது; பெயர் குறிக்காவிடின் ஆண்மக்களுக்கே முதலிடம் என்பது நெடுங்காலம் நின்ற விதி. நான்கு பிள்ளைகள் பெற்றவனின் மூவர் பிள்ளைகள் நிலமற்றவராயினர். நிலமின்மையைத் தீர்க்க எடுத்த குடியேற்றம் ஒரு தலைமுறைக்குள்ளே நிலமற்றோரை ஈன்றது. மின்னேரியாக் காலத்திலே ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமும் அளித்தனர். மகாவலியில் வயல் இரண்டரை ஏக்கராகச் சுருங்கிற்று. இனிப் பகிர்தற்கு ஒன்றுமில்லை. அவ்விளைஞர் ஒதுக்கக் காட்டோரங்களிற் குடில் இட்டனர். பலர் பட்டாளத்துக்கும், தைத்த ஆடைத் தொழிற்சாலைக்கும், மத்திய கிழக்குக்கும் சென்றனர்.

அயலிலே தங்கியோர் கதை வேறு. அவர் பெற்ற துண்டு சிறிது. ஆனால் கண்டி நகரம் அவர்களை நோக்கி வளர்ந்து வந்தது. பல்லேகலையிலே கைத்தொழில் வலயம் அமைந்தது. 2009இல் கிரிக்கெற் விளையாட்டரங்கும் வந்தது. திகனவில் நிலத்தின் விலை ஏறிற்று. வயலை விட்டு ஊரண்மையைத் தேர்ந்தோர் நுண்ணறிவினாற் தேர்ந்தனர் என்று கூறுதற்கில்லை. பலர் முதுமையாலும் பிள்ளைகளின் படிப்பாலும் பற்றாலும் தங்கினர். பெயர்ச்சியின் பயன் பெயரும் நாளிலே தெரியாது என்பதையே இது காட்டுகின்றது.

இனி, முன்னர்க் கேட்ட இரண்டாம் கேள்வி. வந்தேறியோர்க்கு இடங்கொடுத்து நகர்ந்தவர் யார்?

‘சி’ வலயமும் அதனை அடுத்த காடும் வெறும் நிலமல்ல. தம்பானையைச் சூழ்ந்த அப்பரப்பிலே வேடர் தேன் எடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்து வந்தனர். நீரேந்து காட்டைக் காத்தற்பொருட்டு 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அவர்தம் வேட்டைக்காடு வனத்தின் எல்லைக்குட் சென்றது, வேட்டையாடல் குற்றமாயிற்று. வேடர் குடும்பங்கள் பல ‘சி’ வலயத்து ஹெனனிகல என்னும் இடத்திலே வயல் கொடுத்துக் குடியேற்றப்பட்டன. அவர்தம் தலைவர் ஊருவரிகே திசாஹாமி பெயர மறுத்துத் தம்பானையிலேயே தங்கி 1998இல் அங்கே மறைந்தார். தெல்தெனிய நீரில் ஆழ்ந்தது. நீரால் வயல் விளைந்தது. வயலின் பொருட்டுக் காடு வேலியிடப்பட்டது. வேலியால் வேடர் பெயர்ந்தனர்.

தும்பறையின் மேட்டுநிலங்களிலும் இத்தகைய ஒரு தொடர்ச்சி உண்டு. அங்கே கோப்பி, கொக்கோ, றப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயன்களில் வாழ்ந்தோர் தமிழ்த் தொழிலாளர். அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையிலே இறங்கி, வன்னிக் காடுகளின் ஓரமாக நடந்து மாத்தளையை அடைந்து மலை ஏறினவர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் பெரும்பாலும் நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் எழுதப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கென்றும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சியோரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் சரிபாதியாக்கியது. 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கையிற் சேர்த்தது. நிலமற்ற கிராமத்தார்க்கு நிலம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் கண்டியைச் சூழ்ந்த நடுத்தர உயரத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அத்தோட்டத்திலே மூன்று தலைமுறை உழைத்தவர் நிலம் பெறுவோர் பட்டியலிற் பெரும்பாலும் இடம்பெற்றிலர். வேலை குன்றிற்று. 1974இன் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தியது. 1977 ஓகஸ்ட்டுக் கலவரம் எஞ்சிய உறுதியையும் குலைத்தது.

அவர்களுட் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளை நோக்கி நடந்தனர். முன்னோர் தெற்கே நடந்த அதே திக்கிலே பேரர் வடக்கே திரும்பினர் எனலாம். 1981ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே வவுனியா மாவட்டத்தாருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் இந்தியத் தமிழர் எனப் பதிவாயினர். நாடு முழுவதையும் நோக்கின் 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரமாயிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாயிற்று. இக்குறைவிற் பெரும்பகுதி கடல் கடந்து சென்றோரால் ஆயது. ஒரு பகுதி, வடக்கே சென்று இலங்கைத் தமிழர் என்று தம்மைப் பதிந்து கொண்டோரால் ஆயது. கணக்கெடுப்போன் கேள்விக்குப் பெயர்ந்தவன் கூறும் விடையும் பெயர்ச்சியோடு மாறும் என்பது குடித்தொகை ஆராய்வோர் மறக்கலாகாதது.

வன்னியிலே காடு வெட்டிக் குடியிருந்த அவர்களையே போர் மீண்டும் மீண்டும் பெயர்த்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெரும்பாலும் புத்தளத்திற் தஞ்சம் புகுந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அடைபட்டனர். 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரமாயிருந்த யாழ்ப்பாண மாவட்டக் குடித்தொகை 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரமாயிருந்தது. அதே முப்பத்தொரு ஆண்டில் நாட்டின் தொகையோ 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாக உயர்ந்தது. இவ்விரு வரிகளையும் அருகருகே வைத்து நோக்கின் வேறு விளக்கம் வேண்டா.

தொகை மாறுவதோடு அதன் உள்ளமைப்பும் மாறுகின்றது. பெயர்வோர் பெரும்பாலும் இளைஞர். ஆதலின் விட்டுச் சென்ற ஊரிலே முதியோர் மிகுவர், சென்றடைந்த ஊரிலே பிறப்பு மிகும். பழைய குடியேற்ற மாவட்டங்களிற் பெண்களைவிட ஆண்கள் மிகுந்திருந்தமை குடிமதிப்புகளிற் தெளிவு. கொழும்பை அடுத்த ஆடைத் தொழில் வலயங்களிலோ இளம் பெண்கள் மிகுந்தனர். கிழக்கு நோக்கிய நிலப் பெயர்ச்சி ஓய்ந்தபின் மேற்கு நோக்கிய தொழிற் பெயர்ச்சியே வலுப்பெற்றது. 2012இல் நாட்டு மக்களுள் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்கு மேற்பட்டோர் மேல்மாகாணத்தில் வாழ்ந்தனர்.

இங்கே ஒரு விந்தை. 1981இல் நூற்றுக்கு இருபத்தொன்றாயிருந்த நகரவாசிகள் 2012இல் பதினெட்டாகக் குறைந்தனர் என்று புள்ளிவிபரம் கூறுகின்றது. நகரம் தேய்ந்ததால் வந்த குறைவன்று இது. மாநகர சபையும் நகர சபையும் உள்ள இடமே நகரம் என்பது இலங்கை வழக்கு. 1987இல் பட்டின சபைகள் நீங்கிப் பிரதேச சபைகள் வந்தபோது, அவற்றின் கீழிருந்த பட்டினமெல்லாம் ஒரு கையெழுத்தால் கிராமங்களாயின. கரல்லியத்தையிற் புதிதாய்க் கட்டிய தெல்தெனிய மெததும்பறைப் பிரதேச சபையின் பாற்பட்டது. திகன குண்டசாலைப் பிரதேச சபையின் பாற்பட்டது. ஆகவே வங்கியும் பேருந்து நிலையமும் மாடிக் கடைகளும் நிறைந்த திகனப் புதுநகரில், மூழ்கிய பட்டினத்திலிருந்து வந்து கடை வைத்திருப்போன் குடிமதிப்பு ஏட்டிலே கிராமவாசியாகவே எழுதப்படுகின்றான். அவன் கடையிலே வேலை செய்ய வருவோருள் ‘சி’ வலயத்திலிருந்து திரும்பி வந்த குடியேற்றவாசியின் இளைய மகனும் இருத்தல் கூடும். ராவென்ஸ்டீன் கூறிய எதிர்ப்பெயர்ச்சி அதுவே. அவ்விளைஞன் தங்குதற்கு அறை தேடுவது, அவன் பாட்டனின் வயல் மூழ்கிக் கிடக்கும் நீர்க்கரையிலிருந்து சில கல் தொலைவிலேதான்.